சேலை நிறம், முகத்து நிறம்

"மூடியில இருக்கிற அந்தச் சின்னத்துக்குத்தான் சார் பாதித் துட்டு" என்று அந்த நீலச் சட்டைக்காரர் உன் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. பழைய லேப்டாப் வாங்கி விற்கிற கடையில் நாற்காலிகளை இப்படி நெருக்கிப் போட்டால் யார் பேசினாலும் எல்லார் காதிலும் விழத்தான் செய்யும். உன் அப்பா யோசிக்கிறேன் என்று டீ குடிக்கப் போய்விட்டார். நீ அந்தக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். வாங்காதே அம்மா. கேட்காமல் சொல்கிறாளே என்று நினைக்காதே. என் மடியில் இருப்பதும் அதே கம்பெனி லேப்டாப்தான். இதை விற்கத்தான் கோவில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸுக்கு வந்தேன்.

எந்த டோக்கன் ஓடுகிறது, உன் கண்ணுக்குத் தெரிகிறதா? இன்னும் அதேதானா. பையைக் கீழே வையுங்கள் என்று அந்தக் கடைப் பையன் இரண்டு தடவை சொல்லிவிட்டான். கீழே வைத்து யாராவது மிதித்தால் அவனா வந்து பதில் சொல்வான்?

நல்ல பெட்டி இல்லையா என்று கேட்பாய். நல்ல பெட்டிதான். சூடாகாது, சத்தம் போடாது, காலையில் திறந்தால் சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கும். அதெல்லாம் சரி. ஆனால் இதில் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. சிரிக்காதே. எங்கள் தொழிலுக்கு அது ஆகாது.

எங்களுடையது ரோகிணி ஸ்டுடியோ. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வீட்டுக்காரர் படம் எடுப்பார், மகன் விஜயபாண்டி வீடியோ எடுப்பான், நான் டச்சப். பருவை எடுப்பது, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை எடுப்பது, நிறத்தை ஒரு பிடி ஏற்றுவது. ஒரு பிடிதான், சாம்பாருக்கு உப்பு மாதிரி. எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, எந்த ஊர் ஸ்டுடியோக்காரரும் கல்யாணப் படத்தை எனக்குத்தான் அனுப்புவார்கள். "அக்கா கை பட்டா முகம் எந்திரிச்சு உக்காருது" என்பார்கள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு பழைய மானிட்டர் இருந்தது. அதில் யார் முகத்தைப் போட்டாலும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். பெண்ணின் அம்மா வருவாள், பக்கத்தில் உட்காருவாள், "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆல்பம் அச்சடிக்கிறது மதுரை லேபில். அங்கே அவர்கள் பங்குக்கு இன்னொரு பிடி ஏற்றுவார்கள். ஆல்பம் வந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் ஒரு ஆல்பம் திரும்பி வந்ததில்லை.

பிறகுதான் மருமகள் வந்தாள். சங்கரேஸ்வரி என்று பேர். அவளைக் குறை சொல்ல வரவில்லை. மருமகளைக் குறை சொல்கிற ஆள் நான் இல்லை, எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள்.

விளாத்திகுளத்துப் பெண். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. தரகர் கொண்டுவந்த போட்டோவைப் பார்த்தேன். நல்ல களை, நல்ல நிறம். வீட்டுக்காரர் ஜாதகம் பார்க்க வேண்டாமா என்றார். முகமே ஜாதகம் என்றேன் நான். பெண் பார்க்கப் போனது சாயங்காலம். ட்யூப்லைட், பட்டுச்சேலை, பவுடர். எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. கல்யாணம் முடிந்து மறுநாள் காலையில் அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் வெயிலில் பார்த்தேன்.

நல்ல கருப்பு. கருப்பு என்றால் என்ன? கருப்பில் குறை இல்லை. நானே மாநிறம்தான். ஆனால் ஒருத்தரை ஏமாற்றலாமா? அதுதான் என் கேள்வி. எந்த ஸ்டுடியோக்காரன் இந்த வேலை பார்த்தானோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இந்தா, கடலைமிட்டாய். எடுத்துக்கோ. ஊரிலிருந்து யாருக்காவது கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன், இங்கே யாரைத் தெரியும் எனக்கு.

பெட்டி எப்படி வந்தது என்று சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் விஜயபாண்டியிடம் சொல்லியிருக்கிறாள். சென்னை வேலையை விட்டுவிட்டு வருகிறேன், முகூர்த்தப் பட்டு சாதாரணமாக இருந்தால் போதும், ஆனால் வேலை செய்ய எனக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்று. அவனும் மண்டையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான். எங்களிடம் ஆடி மாதம்தான் சொன்னான். ஒரு லட்சத்து எண்பதாயிரம். எங்கள் பக்கம் அந்தத் துட்டுக்கு இரண்டு கறவை மாடும் தொழுவமும் வாங்கலாம். "அத்தை, இதுல கலர் சரியா தெரியும்" என்றாள். இதுநாள்வரை நாங்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டா வேலை பார்த்தோம்?

பெட்டி வந்ததும் பழைய கம்ப்யூட்டரில் இருந்த படங்களை எல்லாம் இதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். தனியாக உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு. எனக்குச் சுருக்கென்றது.

"என்னத்துக்குச் சிரிக்கிறே?"

"இங்க வந்து பாருங்க அத்தை."

பார்த்தால் அவளுடைய போட்டோ. தரகர் கொண்டுவந்த அதே போட்டோ. பக்கத்திலேயே இன்னொன்று, கை வைக்காதது. விளாத்திகுளம் ஸ்டுடியோக்காரர் டச்சப்புக்கு எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் ஒரு பிடி ஏற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் நான் பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

"நீங்க பண்ணினதுதான் அத்தை. எங்க அம்மா அன்னைக்கே சொன்னாங்க, யாரு பண்ணினாங்களோ தெரியல, கை நல்ல கைன்னு."

அவளுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. விஜயபாண்டியும் சிரித்தான். வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்கச் சாப்பிடும்போதெல்லாம் சிரித்தார். எனக்கு அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. மாதத்துக்கு எத்தனையோ முகம் வருகிறது. எல்லா முகத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? நீயே சொல்லு. சரி, நீ பேச மாட்டாய் போலிருக்கிறது.

அந்த நம்பரைக் கூப்பிட்டார்களா? இல்லையா. ஏ.சி.யை எதற்கு இப்படி வைத்திருக்கிறார்கள், பெட்டி கெட்டுப்போகும் என்றா?

ஐப்பசி மழையில் ஒருநாள் இடி விழுந்து பழைய மானிட்டர் போய்விட்டது. புதுசு எதற்கு, இதிலேயே காட்டலாமே என்று நான்தான் சொன்னேன். பிடித்தது சனியன்.

தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தீப்பெட்டி ஆலை, அதன் முதலாளி வீட்டுக் கல்யாணம். பெரிய இடம். பெண்ணின் அம்மா வந்து உட்கார்ந்தாள். சங்கரேஸ்வரி இந்தப் பெட்டியைத் திறந்து முதல் படத்தைக் காட்டினாள். அந்தம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு, "எம் பொண்ணு இவ்வளவு கருப்பா?" என்றாள். கேட்டது எங்களைப் பார்த்து. நாங்கள் பெற்ற மாதிரி.

"வெளிச்சம் குறைவான மண்டபம்" என்று நான் சமாளித்தேன். அதற்குள் இவள், "இல்லைங்கம்மா, வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு இடம் வேண்டாமா?

"ஏத்து" என்றாள் அந்தம்மா. ஏற்றினாள். "இன்னும் கொஞ்சம்." ஏற்றினாள். ஏற்ற ஏற்ற அரக்குச் சேலை ரோஸாகப் போய்விட்டது. உடனே அந்தம்மாவுக்குக் கோபம். "காஞ்சிபுரத்துல குடும்பமே நின்னு எடுத்த அரக்குப் பட்டு அது. சேலை நிறம் அப்படியே இருக்கணும். பொண்ணு நிறம்தான் மாறணும்." இவள் பொறுமையாகச் சேலையைத் தனியாகப் பிரித்து, முகத்தை மட்டும் ஏற்றினாள். அப்போது கழுத்து கருப்பாக நின்றது. கழுத்தை ஏற்றினால் கை. கையை ஏற்றினால் பக்கத்தில் மாப்பிள்ளை கருப்பு. மாப்பிள்ளையை ஏற்றலாமா என்று இவள் கேட்க, "அவங்க எப்படியோ போறாங்க, எனக்கு என்ன" என்றாள் அந்தம்மா. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "நீங்க காட்டுறது எதுவும் எம் பொண்ணு இல்ல" என்று எழுந்துபோய் படங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு வேறு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் ஸ்டுடியோவில் முதல் தடவை.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் இந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்ததும் முகம் சுருங்க ஆரம்பித்தார்கள். மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை, கல்யாண ஆல்பம் நீங்க பாருங்க, எனக்கு சேலை வேலை இருக்கு" என்றாள்.

சேலை வேலை என்பது வேறொன்றும் இல்லை. அருப்புக்கோட்டையில் கோதண்டம் என்று ஒருத்தர், நெசவுச் சேலைகளை ஃபோனில் படம் போட்டு விற்கிறவர். படத்தில் ஒரு நிறம், பார்சலைப் பிரித்தால் ஒரு நிறம் என்று பாதிச் சேலை திரும்பி வந்துகொண்டிருந்ததாம். அவருக்கு இவள் படத்தைச் சரிசெய்து கொடுக்கிறாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சேலையை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு, கரையைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், கரையைப் பார்ப்பாள். ஒரு சேலைக்கு ஒரு காலைப்பொழுது. பார்க்கிறவர்கள் மருமகள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். "சேலை திரும்பி வர்றது நின்னு போச்சும்மா, எங்க தறிக்காரங்களே உங்க மருமகள கேட்டதா சொல்லச் சொன்னாங்க" என்று அந்தக் கோதண்டம் என்னிடம் வந்து சொல்கிறார். மாசாமாசம் பணமும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேலைக்கு எதற்கு இவ்வளவு உண்மை, மனுஷருக்கு இல்லாத உண்மை?

தையில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டுக்காரருக்கு அறுபது. எனக்கு இன்னும் ஆகவில்லை. நாங்கள் ஊருக்கெல்லாம் ஆல்பம் போடுகிறவர்கள், எங்கள் ஆல்பத்தை மருமகள் போடுகிறேன் என்றாள். போட்டாள். ஒருநாள் எல்லார் கையிலும் காபியைக் கொடுத்துவிட்டுப் பார்க்கக் கூப்பிட்டாள். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் படத்தில் வீட்டுக்காரர் என் கழுத்தில் தாலி கட்டுகிறார். நான் குனிந்திருக்கிறேன். வகிட்டில் நரை. கன்னத்தில் மங்கு. கழுத்து மடிப்பு. நிறம்... சரி, விடு. யார் இந்தக் கிழவி என்றுதான் முதலில் தோன்றியது.

"ரொம்ப நாள் கழிச்சு உன்னப் பாக்குற மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர். எல்லார் முன்னாலும். குத்திக் காட்டுவதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? சொல்லிவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், காபி ஆறுவதுகூடத் தெரியாமல்.

"நல்லாத்தான இருக்கீங்க அத்தை" என்றாள் இவள்.

"மாத்து" என்றேன்.

"மாத்துறேன் அத்தை."

அந்த வாரம்தான் பெட்டியை விற்றுவிடலாம் என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கல்யாணச் சீசன் வருகிறது, ஆட்கள் ஓடுகிறார்கள், அதுதான் காரணம். விஜயபாண்டி, "நீங்களே பேசிக்கோங்க" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். "சரி அத்தை" என்றாள். இன்று காலையில் துணி வைத்துத் துடைத்தாள், சார்ஜர் வயரைச் சுற்றிப் பையில் வைத்தாள், தண்ணீர் பாட்டிலும் வைத்தாள். நேற்று மாடியில் யாரிடமோ ஃபோனில், "திங்கக்கிழமையே வந்துரலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சென்னையில் இருக்கிற பழைய ஆட்கள். சும்மா பேசுவார்கள் இல்லையா? விசேஷம் ஏதாவது இருக்கும். இருக்காதா?

அதனால்தான் சொல்கிறேன், நீ வாங்காதே. அல்லது வாங்கு. நீ என்ன படிக்கிறாய், எதற்கு வாங்குகிறாய் என்று எனக்கு என்ன தெரியும்? முகம் பார்க்கிற வேலைக்கு மட்டும் வாங்காதே.

இரு. என் நம்பர்தானே அது? இந்தத் தண்ணீர் பாட்டிலை மட்டும் பார்த்துக்கோ அம்மா.

*

நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாயா? நல்லவேளை. அப்பா வரவில்லையா? வரட்டும். தண்ணீரைக் கொடு.

அந்தக் கவுண்டர்காரர் பெட்டியைத் திறந்து, பாஸ்வேர்டு என்ன என்றார். எனக்கு எப்படித் தெரியும்? சங்கரேஸ்வரிக்கு ஃபோன் போட்டேன். எழுத்து எழுத்தாகச் சொன்னாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சிருவோம். வேணுங்கிறத எடுத்துக்கோங்கம்மா" என்றார் அவர்.

திறந்ததும் முன்னாலேயே இரண்டு ஃபோல்டர். ஒன்றில் 'அறுபது, உள்ளபடி' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'அறுபது, அத்தைக்கு'. அத்தைக்கு என்றால் எனக்குத்தானே? அதைத் திறக்கச் சொன்னேன்.

மாற்றியிருக்கிறாள். குறை சொல்ல முடியாது, நான் செய்கிற மாதிரியே செய்திருக்கிறாள். அதே ஒரு பிடி. கன்னத்தில் நான் எங்கே நிறுத்துவேனோ அங்கே நிறுத்தியிருக்கிறாள், நெற்றியில் நான் எப்படி இழுப்பேனோ அப்படி இழுத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்தத் திரையில் அது வேறு மாதிரி இருந்தது. திருநீற்றைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் விட்ட மாதிரி. முகம் ஒருத்தியுடையது, காது ஒருத்தியுடையது.

"பக்கத்துல இருக்கிறது உங்க வீட்டு சார் போலிருக்கு. இது யாரும்மா, உங்க அக்காவா?" என்றார் கவுண்டர்காரர்.

"உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

ஃபோன் இன்னும் காதில்தான் இருந்தது. சேலைப் படமெல்லாம் என்ன செய்ய என்று கேட்டேன்.

"அழிச்சிரலாம் அத்தை. கோதண்டம் அண்ணாச்சிகிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"பெட்டி இல்லாம எப்படி அத்தை பண்ண?"

அதுவும் சரிதான். பிறகு அவளே சொன்னாள். "பழைய ஆபீஸ்ல திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வந்ததும் சொல்லணும்னு இருந்தேன். உங்க மகனும் அங்கேயே வேலை தேடிக்கிறேன்னுட்டாரு." நல்லபடியாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்காராதீங்க, வெயில் அடிக்கும் என்றும் சொன்னாள்.

கவுண்டர்காரர் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். "அழிக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

அங்கே மூலையில் பார், துடைப்பத்துக்குப் பக்கத்தில். பழைய மானிட்டர்களாகக் குவித்துப் போட்டிருக்கிறார்கள். அதில் எங்களுடைய மாதிரியே ஒன்று கிடந்தது. அதை எடுத்து இந்தப் பெட்டியோடு மாட்டிக் காட்டச் சொன்னேன். "அதுல கலர் சரியா காட்டாதும்மா. கடையில சி.சி.டி.வி. கேமராவுக்கு மாட்டத்தான் வாங்கிட்டுப் போவாங்க" என்றார். தெரியும், மாட்டுங்கள் என்றேன். வெளிச்சத்தை முழுக்க ஏற்றச் சொன்னேன். அந்த 'உள்ளபடி' ஃபோல்டரைத் திறந்து, தாலி கட்டுகிற படத்தைப் போடச் சொன்னேன்.

இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தேன்.

தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டம்மா இதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் "அப்படியே இருக்கட்டும்" என்று எழுந்துபோயிருப்பாள். வருகிறவர்களுக்கு இந்த மானிட்டர், மருமகளுக்கு அந்தப் பெட்டி. மேஜையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இது ஏன் இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அந்த விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்குத் தோன்ற வேண்டாமா?

"அந்தக் கோதண்டத்துக்கு ஃபோன் போட்டு சேலையைக் கொண்டுவரச் சொல்லு" என்று ஃபோனில் சொன்னேன்.



"அப்ப பெட்டி?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

"அத்தை, நம்ம ஆல்பம் மதுரைக்கு அனுப்பணுமே. எத அனுப்ப? உள்ளபடி இருக்கிறதா, உங்களுக்குன்னு பண்ணினதா?"

அந்த மானிட்டர் வயரைக் கழற்றச் சொன்னேன். இந்தப் பெட்டியை என் பக்கம் திருப்பி, இதிலேயே அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். நரை, மங்கு, கழுத்து, எல்லாம் அப்படியேதான் இருந்தது. வீட்டுக்காரர் தாலியைக் கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை.

"உள்ளபடி. லேபுக்காரன்கிட்ட, அவன் பங்குக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்லிரு" என்று ஃபோனை வைத்துவிட்டு, மானிட்டருக்குத் துட்டைக் கட்டினேன்.